அக்கரையில் தட்டு

விழமாட்டேன் ஹெதர், நீ முன்னால் பார்த்து நட, என்று மனசுக்குள் தமிழில் சொல்லிவிட்டு வாயால் ‘ஐ ஆம் ஓகே’ என்றேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் மகளுடைய பழைய ஓட்டப்பந்தய ஷூவை மாட்டிக்கொண்டு இங்கிலாந்தின் இந்த எல்வர் ஆற்றங்கரையில் இதுவரை ஒருத்தியும் நடந்திருக்கமாட்டாள்தான். நடந்தால் என்ன குடிமுழுகிவிடும்? இன்றைக்கு என் மகள் தாரிணிக்கு நிச்சயதார்த்தம். ஹெதர் மாப்பிள்ளை ஸ்டூவர்ட்டின் அம்மா, அதாவது எனக்குச் சம்பந்தி. அவள் வீடு ஆற்றின் கீழ்ப்பக்கம், பழைய மாவு ஆலையை வீடாக்கியது. நான் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து அங்கே காரில் போனால் சுற்று, நடந்தால் ஆற்றோரமாகவே போய்விடலாம் என்று என்னைக் கூட்டிப்போக அவளே வந்துவிட்டாள். எங்கள் ஊரில் சம்பந்தியம்மாள் இப்படிச் சேறு மிதித்துக்கொண்டு கூப்பிட வந்தால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. மழை நேற்று ராத்திரியோடு விட்டுவிட்டது, வெயில் கூட இருக்கிறது, காற்றில் பூண்டு வாசம். ஆற்றோரம் முழுக்கக் காட்டுப் பூண்டாம், வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, யாரோ ரசத்துக்குத் தாளித்த மாதிரி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தட்டு தயார், வெற்றிலை வாடவில்லை, தேங்காய் குடுமியோடு கிடைத்தது, மஞ்சள் குங்குமம் ஊரிலிருந்து வந்தது. தட்டைக் காரில் கொண்டுவந்து மாற்றப்போவது, இந்த நாட்டிலேயே குடியிருக்கும் என் கொழுந்தன் இசக்கிராஜும் அவன் பெண்டாட்டி மரகதமும். அதுவும் சரிதான். சரி சித்தப்பா. தாரிணி அப்படித்தான் சொன்னாள். சரி சித்தப்பா. உப்பு வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

இதோ ஒரு பாலம். ஹெதர் கையைக் காட்டி நிறுத்துகிறாள். கல்லால் கட்டியது, நடுவில் திமில் மாதிரி எழும்பி, அகலம் என்று பார்த்தால் நான் ஒருத்தி போகலாம், எதிரே எலும்பும் தோலுமாக ஒருத்தி வரலாம். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. ஏன் இவ்வளவு குட்டையாகக் கட்டினார்கள் என்றால், அந்தக் காலத்தில் பொதிக்குதிரை போகும், இரண்டு பக்கமும் தொங்குகிற கம்பளி மூட்டை இடிக்கக்கூடாது என்று. மனுஷன் விழுந்தாலும் மூட்டைக்குச் சேதம் வரக்கூடாது. நல்ல கணக்கு. எங்கள் மின்வாரியத்தில் இருந்தவர்களும் இந்தக் கணக்குப் போட்டவர்கள்தான். என் வீட்டுக்காரர் மின்கம்பத்திலிருந்து விழுந்து செத்தபோது முதலில் விசாரித்தது லைன் சரியாயிற்றா என்று. தாரிணிக்கு அப்போது பால்பல் விழுந்திருந்த வயசு. கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள், அவர் வேலை பார்த்த கட்டடத்திலேயே, கூண்டுக்கு உள்ளே, பணம் கட்டுகிற இடத்தில். முதல் மாதம் அழுதேன், இரண்டாம் மாதம் அதட்டினேன். கரண்ட் போன கோபத்தில் வரிசையில் நிற்கிறவனை அடக்க ஒரு குரல் வேண்டும், அது எனக்கு இருந்தது, அதுவரை எனக்கே தெரியாமல் இருந்தது. பணிநிறைவு விழாவில் செண்பகம்மாள் இருந்த இடத்தில் ஃபியூஸ் போகாது என்று ஒருத்தர் மைக்கில் சொன்னார். இந்தப் பாலம் என்ன பெரிய பாலம். சுவரைப் பார்க்காமல் ஹெதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஏறினால் போச்சு. ஆனால் உச்சியில் வந்ததும் கண் தானாகத் தண்ணீருக்குப் போகிறது. தேயிலை வடிநீர் நிறத்தில், வேகமாக, சத்தமே இல்லாமல். நம்மூர் ஆறு வெள்ளத்தில் கூப்பாடு போடும், கரையில் இருப்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இது வெள்ளைக்காரர்கள் மாதிரி வாயைத் திறக்காமல் ஏறுகிறது. சரி சித்தப்பா. இசக்கிராஜ் அந்தப் போன் பேசும்போது தாரிணியும் நானும் லைனில் இருந்தோம். “மதினி, ஒங்களுக்குத் தெரியாததா, தட்ட மாத்துததுக்கு நானும் மரகதமும் நின்னுக்கிடுதோம், ஜோடியா இருந்தாத்தான மங்களம்” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் சொல்லட்டும் என்று இருந்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தேன். அவள் சொன்னாள், சரி சித்தப்பா.

பாலத்து நடுவில் ஹெதர் சட்டென்று நின்றுவிட்டாள். நான் அவள் முதுகில் மோதாத குறை. ராத்திரி தேநீர்த் தட்டை வைத்துப் பழகிப் பார்த்தாளாம், இப்படி இரண்டு கையாலும் வாங்க வேண்டுமா, இல்லை வலது கையை மேலே வைக்க வேண்டுமா என்று கேட்கிறாள். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும், கொஞ்சம் குனிந்து, என்றேன். “நீங்கள் கொடுக்கும்போது நான் ஏதாவது சொல்ல வேண்டுமா?” நான் கொடுக்கமாட்டேன், என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் கொடுப்பார்கள், என்றேன். “ஏன், நீங்கள்தானே அம்மா?” இங்கிலீஷில் இதை எப்படிச் சொல்வது. கணவன் மனைவியாக நின்று செய்வது எங்கள் வழக்கம், எனக்குக் கணவர் இல்லை, அதனால், என்று மூன்று துண்டாகச் சொன்னேன். மூன்று துண்டையும் ஒட்டவைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: “அப்படியானால் நானும் வாங்கக்கூடாது, இல்லையா? பீட்டர் போய் ஆறு வருஷம் ஆகிறதே.” நான் என்ன சொன்னேன்? உடனே சொன்னேன், “நோ நோ, யூ கேன்.” ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து, நடக்கலாம், நேரமாகிறது, என்று அவள் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினேன். அவள் நடந்தாள்.

நடந்தாள், ஆனால் அவள் கேட்டது என் பின்னாலேயே வருகிறது. எப்படி விட்டுப்போயிற்று இது? இசக்கிராஜ் சாதாரண ஆள் இல்லை. இரண்டு ஜாதகத்தையும் மூன்று பேரிடம் காட்டினான், வெள்ளைக்காரப் பையனுக்கு நட்சத்திரம் கண்டுபிடிக்கப் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து நேரம் கேட்டு வாங்கினான். ராகு காலத்துக்கு இந்தியச் சூரியனா இங்கிலாந்துச் சூரியனா என்று ஒரு வாரம் வாட்ஸப்பில் விவாதம் நடத்தி, தினசரிக் காலண்டரே தீர்ப்பு என்று முடித்துவைத்தான். வெற்றிலையின் காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுவரை படம் போட்டு அனுப்பினான். கொடுக்கிற பக்கம் ஜோடியாக நிற்கிறதா என்று பார்த்தான். வாங்குகிற பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை! பையனுடைய அம்மா என்றதோடு விட்டுவிட்டான். அவன் என்ன, யாருமே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. தோட்டத்து மண் ஒட்டின நகமும், சிவப்புக் கோட்டும், கணவன் பேரைச் சொல்லும்போது லேசாகச் சிரிப்பதும். அவளைப் பார்த்துத் தோன்றாதது என்னைப் பார்த்தால் மட்டும் எல்லோருக்கும் தோன்றுகிறது. எனக்கே தோன்றுகிறது. கல்யாண வீடுகளில் நான் என்ன செய்வேன்? தாலி எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று மேளம் மாறும்போது நேராகப் பந்திக்குப் போய்விடுவேன். சாம்பார் வாளி எங்கே, கடைசி வரிசைக்கு அப்பளம் போகவில்லையே என்று ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கூடமே என் ராஜ்ஜியம். கொஞ்சம் தள்ளி நில்லு என்று என்னிடம் ஒருத்தி சொன்னது கிடையாது, சொல்ல விட்டால்தானே. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தாரிணியும் கூடவே வருவாள், பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீர் டம்ளர் வைப்பாள். ஷூவுக்குள் ஈரம் ஏறிவிட்டது. இன்னொரு பாலம், இது வெறும் பலகை, ஒரு பக்கம் மட்டும் கம்பி, ஓடை வந்து ஆற்றில் சேருகிற இடம். தாண்டியாயிற்று, எப்படித் தாண்டினேன் என்று கவனிக்கவே இல்லை. புதன்கிழமை எனக்கு விமானம். இன்றைக்குள் முடிந்துவிட வேண்டும். முடியும், ஏன் முடியாது.

ஹெதர் வீட்டுக்குக் கீழே ஆறு அகலமாகப் பரந்து, ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறது. இங்கே பாலம் கிடையாது, நாங்கள் ஏறிவந்த கல்பாலம் வெகுதூரம் மேலே. கார்களே தண்ணீருக்குள் இறங்கித்தான் போகுமாம், நம்மூர்த் தரைப்பாலம் மாதிரி, அடியில் சிமெண்டு போட்டிருக்கிறது. நடப்பவர்களுக்கு ஓரத்தில் வரிசையாகக் கல் போட்டிருக்கிறார்கள் என்று தாரிணி சொல்லியிருந்தாள். கல் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது. ஆழம் காட்டும் பலகை ஒன்று நடுவில் நிற்கிறது, அதன் அடிப்பகுதியைத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது. அக்கரையில் ஒரு கார். காருக்கு வெளியே பட்டு வேட்டியில் இசக்கிராஜ், பக்கத்தில் மாம்பழ மஞ்சளில் மரகதம், அவள் கையில் தட்டு. மாப்பிள்ளை வீடு இக்கரையில், நான் இக்கரையில், தாரிணி மருதாணிக் கையோடு தோட்டத்து வாசலில் இக்கரையில், தட்டு மட்டும் அக்கரையில்! போன் காட்டிய வழியில் வந்திருக்கிறான். ஸ்டூவர்ட் ஜீப்பை எடுத்துக்கொண்டு அக்காளை அழைத்துவர ரயிலடிக்குப் போனவன் இன்னும் வரவில்லை. “மதினீ!” என்று இசக்கிராஜ் கத்துகிறான். “புதுக் கார் மதினி, எஞ்சினுக்குள்ள தண்ணி போயிரும்! சுத்தி வந்தா ராகு காலம் பெறந்துரும்!” நான் ஏதாவது சொல்வதற்குள் அடுத்ததையும் கத்தினான். “ஒண்ணும் பிரச்சினை இல்ல, அடுத்த மாசம் நல்ல நாள் இருக்கு, நானும் மரகதமும் வந்து முடிச்சிக்கிடுதோம்! நீங்க வீடியோவுல பாத்துக்கிடலாம்!” நான் தாரிணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சரி சித்தப்பா என்று இன்னொரு தடவை என் காதால் கேட்க என்னால் முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஷூவைக் கழற்றினேன்.

“அம்மா, என்ன பண்ற, வழுக்கும்மா!” வழுக்காமல் என்ன செய்யும், பாசி. ஹெதர் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் கைத்தடியை என்னிடம் நீட்டி, மேல்பக்கமாகவே நட, கீழ்ப்பக்கம் விளிம்பில் பள்ளம், என்றாள். எனக்கும் தெரியும். பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்து இடுப்பில் சொருகினேன். கொழுந்தன் பார்க்கிறான், பார்க்கட்டும். முதல் காலை வைத்ததும் குளிர் தலையில் போய் அடித்தது. அடேயப்பா, இது தண்ணீரா. கணுக்கால் இல்லை. இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், தேயிலை நிறத்துக்குள் வெளுத்துப்போய் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அடுத்த கால். தடியை ஊன்று, பிறகு கால், பிறகு மூச்சு. விழுந்தால் என்ன ஆகும், உருண்டு போவேன், சிவப்புப் பட்டு மிதந்து போகும், நிச்சயதார்த்தம் கருமாதியாகும், பார்த்தியா அதுக்குத்தான் சொன்னது என்று சொந்தக்காரர்கள் இரண்டு தலைமுறைக்கு உதாரணம் காட்டுவார்கள். அந்த ஒன்றுக்காகவே விழக்கூடாது. அவர் விழுந்தபோது என்ன நினைத்திருப்பார், நினைக்க நேரம் இருந்திருக்குமா, இதை இத்தனை வருஷத்தில் நினைத்ததில்லை, இங்கே வந்து ஆற்று நடுவில் நிற்கும்போதுதானா நினைக்க வேண்டும். தண்ணீர் முழங்காலைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளு, பார்க்கலாம். வரிசையில் முண்டியடித்தவர்களை எல்லாம் பார்த்தவள் நான். நான் எதற்குப் போகிறேன்? தட்டை எடுக்க. எடுத்து? எடுத்து மரகதத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவளிடமே கொடுத்து மாற்றச் சொல்லலாம், அப்படியும் முடியும். எனக்கு அது வேண்டாம். எனக்குத் தட்டு வேண்டும். என் பிள்ளைக்கு நான் கொடுக்க வேண்டும், எனக்கு ஆசையாக இருக்கிறது, ரொம்ப நாளாக ஆசையாக இருக்கிறது. அவ்வளவு குளிரிலும் முகம் சூடாகிவிட்டது. பலகையைத் தாண்டினேன், பிறகு தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

கரையேறினால் அங்கே ஒரு போர்டு, உங்கள் பிரேக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று. தண்ணீரில் நனைந்து வரும் கார்களுக்கு எழுதியது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன், சிரிப்பிலும் பல் தந்தியடித்தது. “மதினி, என்ன மதினி இது, இந்த வயசுல” என்று இசக்கிராஜ் துண்டை எடுத்து நீட்டினான். நல்லவன்தான். அண்ணன் போனபிறகு தாரிணிக்குத் தீபாவளித் துணி ஒரு வருஷம் தவறியதில்லை. துண்டை வாங்கவில்லை. “தட்டைக் குடு மரகதம்” என்றேன். அவள் தட்டைக் கொஞ்சம் நெஞ்சோடு இழுத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். “நான் என்ன சொல்லுதேன்னா மதினி, தப்பா எடுத்துக்கிடாதீய, நல்ல காரியம்…” “வாங்குறவளும் என்னை மாதிரிதான் தம்பி. அவ வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. நீ கேட்டியா?” அவன் அக்கரையைப் பார்த்தான். சிவப்புக் கோட்டோடு ஹெதர் அங்கிருந்து கையை ஆட்டினாள், இவனும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டான். ஜாதகம், நட்சத்திரம், காம்பு என்று அவன் மனசுக்குள் எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை சரிபார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது. அவன் முடித்துச் சொல்கிறவரை மரகதம் காத்திருக்கவில்லை. தட்டை என் கையில் வைத்து, என் இரண்டு கை விரல்களையும் அடியில் சரியாகப் பிடிக்கவைத்து, “யக்கா, பாத்து, தேங்கா உருளும்” என்றாள். பிறகு தன் தலையிலிருந்து பூவை ஒரு கண்ணி கிள்ளித் தட்டில் சேர்த்தாள்.

தட்டோடு திரும்புவது வேறு கதை. தடி ஊன்றக் கை இல்லை, அக்கரையிலேயே வைத்துவிட்டேன். கண்ணால் காலைப் பார்க்க முடியாது, குங்குமமும் மஞ்சளும் வெற்றிலையும்தான் தெரிகின்றன. ஒவ்வொரு காலும் தானாகத் தேடித் தானாக ஊன்றுகிறது. நடுவில் வந்தபோது தேங்காய் ஒரு உருட்டு உருண்டது, தாடையால் அமுக்கினேன். அப்போதுதான் எதிரே பார்த்தேன், ஹெதர் ரப்பர் பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கி, பழகியபடியே இரண்டு கையையும் நீட்டி, கொஞ்சம் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தாரிணி, கரையோரம், கையை வாயில் வைத்துக்கொண்டு. கொடுத்துவிடலாம். ஒரு எட்டு வைத்தால் கொடுத்துவிடலாம். என்னால் கொடுக்க முடியவில்லை, கை நீளவில்லை. யாரும் தடுக்கவில்லை, அக்கரையிலிருந்து சத்தம் இல்லை. ஆனாலும் நான் பிடுங்கிக்கொண்டு வந்ததாக இருக்கக்கூடாது. “ஏளா தாரிணி” என்றேன். “சித்தப்பாட்ட சரின்னு சொல்லிட்டியே. எனக்கு அன்னைக்கு எவ்வளவு வலிச்சுது தெரியுமா?” அவள் கை வாயிலிருந்து இறங்கியது. “உனக்கே இதெல்லாம் வேணாம்னு நெனச்சேம்மா. எல்லா கல்யாணத்திலயும் நீதான் மொதல்ல எந்திரிச்சுப் போவ. என்னையும் கூட்டிட்டுப் போவ.” அழுகிறாள். “‘நான் குடுக்கேன்’னு நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு நான் போன்ல காத்துக்கிட்டு இருந்தேன். நீ கேக்கவே இல்லையேம்மா.” அந்த ஒரு மூச்சு நேரம். நான் அவளுக்காகக் காத்திருந்த அதே மூச்சில் அவளும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். தண்ணீர் இரண்டு காலுக்கும் நடுவே போய்க்கொண்டே இருந்தது. ஹெதருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. “இப்பக் கேக்கேன்” என்றேன். “ஒனக்கு நான் குடுக்கட்டுமா?” தாரிணி பட்டுச்சேலையைத் தூக்கக்கூட இல்லை, அப்படியே தண்ணீருக்குள் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்று, என் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். “குடும்மா” என்றாள்.

கொடுத்தேன்.